கூரைமேல் எரியும் விளக்கு

சுவரில் மறுபடியும் ஒன்று மோதியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துபோட்டு, புல்வெளிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே புல்வெளி? பனிதான். பொழுது சாய்ந்ததும் மலை முழுக்க மூடிக்கொண்டது. முற்றத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

கூரைமேல் ஃபோகஸ் லைட் எரிந்தது. கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய விளக்கு. கொழுந்தன் தவமணி ஊட்டியிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து கட்டினான். பனியில் வழி தவறிய அண்ணன் வெளிச்சத்தைப் பார்த்தாவது வந்து சேரட்டும் என்று.

அவர் வரவில்லை.

குருவிகள் வந்தன.

காலையில் வாசல் முழுக்கச் செத்துக் கிடந்தன. பச்சை முதுகு, வாலுக்கடியில் சிவப்பு. ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வருகிறவை. துடைப்பத்தால் கூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கையாலேயே பொறுக்கி, பக்கெட்டில் போட்டு, கொண்டுபோய்ப் புதைத்தாள்.

இதுகளைப் பார்க்கத்தான் வீட்டுக்காரர் புரட்டாசி தவறாமல் லீவு போட்டுவிட்டு இந்த மலைக்கு வந்து, இந்த வாடகை வீட்டில் தங்குவார். இந்த வருடம் அவளையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

வந்தாள். என்ன பெரிய குருவி, நம்ம ஊரில் இல்லாத குருவியா என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். பனி இறங்கியது. அவ்வளவுதான்.

போலீஸ் தேடியது. வனத்துறை தேடியது. இன்று மதியத்தோடு எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள்.

இப்போது ஜன்னலில் ஒன்று மோதியது.

"சனியன்களா, உங்களுக்குப் போறதுக்கு வேற வழியே இல்லையா?"

தவமணி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணி, ஃபாரஸ்ட் வாட்ச்சர் சொன்னாரு. பனியில வெளிச்சத்தைக் கண்டா இதுகளுக்குத் திக்குத் தெரியாதாம். சுத்திச் சுத்தி வந்து அடிச்சுக்கிட்டுச் சாகுமாம். அணைச்சிரலாமா?"

"அணைச்சா உங்க அண்ணன் எப்படி வருவாரு?"

அவன் பேசவில்லை.

இத்தனை நாளும் 'வந்துருவாரு அண்ணி, வந்துருவாரு' என்று வாய் ஓயாமல் சொன்னவன். அந்த மௌனத்துக்காக அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

படியிறங்கினாள். ஜன்னலுக்குக் கீழே கிடந்ததில் இன்னும் உயிர் இருந்தது. எடுத்தாள். சூடாக இருந்தது. கைக்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது.

பிறகு அடிக்கவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சத்துக்குள் இன்னும் எத்தனையோ சுற்றிக்கொண்டிருந்தன. வழி கிடைக்காமல், போகவும் தெரியாமல்.

இதைத்தானே பாரு பாரு என்றார். பார்த்தாள்.

"அணைச்சிரு."

"அண்ணி..."

"அணைச்சிருன்னு சொல்றேன்ல."

இருட்டு. கொஞ்ச நேரம் சிறகுச் சத்தம் தலைக்குமேலேயே தடுமாறிக்கொண்டிருந்தது. அப்புறம் மெல்லத் தெற்கே நகர்ந்தது.

அவள் செத்த குருவியைப் படியில் வைத்துவிட்டு, தட்டுத்தடுமாறி முற்றத்து விளிம்புக்குப் போனாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"சிங்காரவேலு!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். போலீஸ்காரர் கேட்டபோதும் தவமணிதான் சொன்னான்.

"ஏ சிங்காரவேலு! இங்க இருக்கேன்! சிங்காரவேலு!"

தெருவுக்கு விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். தொண்டை கட்டியும் விடவில்லை.

அதுவரை அழாத தவமணி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதான்.