முந்தாநாளுக்கு ஒரு பொந்து

மரப்பொந்துக்குள் பாதி உடலை நுழைத்துவிட்ட மின்மினியை, அதன் மனைவியின் அண்ணன் பின்காலைப் பிடித்து இழுத்தது.

"விடுங்க மச்சான். இந்தப் பொந்தோட அடுத்த வாய் ஒரு நட்சத்திரத்துல இருக்கு. நுழைஞ்ச நொடியே அங்க போயிடலாம்."

"போய் என்ன பண்ணப் போறே, மாப்ளே?"

"அந்த நட்சத்திரம் நம்மளை விட்டு ஓடிட்டே இருக்கு. அதனால அங்க இப்ப நடக்குற நாள், நமக்கு முந்தாநாள். அங்கேர்ந்து இதே மாதிரி சட்டுனு திரும்பினா முந்தாநாள்ல வந்து இறங்குவேன். நாளைக்குச் சுவர்ப் பக்கம் போகாதே, பல்லி இருக்குன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுவேன்."

நேற்றுத்தான் தங்கையைப் பல்லி பிடித்தது. அண்ணன் பிடித்த காலை விடவில்லை.

"முந்தாநாள் முழுக்க நாம மூணு பேரும் ஒண்ணாத்தானே இருந்தோம்?"

"ஆமா."

"நாலாவதா யாரும் வரலையே, மாப்ளே."

மின்மினி மெல்லப் பொந்திலிருந்து வெளியே வந்தது.

"வழியில தாமதம் ஆகியிருக்கும்" என்றது.

"இல்ல, நீ திரும்பவே இல்லையோ என்னவோ."

இரண்டும் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தன. மின்மினி, தன் பக்கத்தில் ஒருத்தி உட்கார இடம் விட்டு, கிளையில் நகர்ந்து உட்கார்ந்தது.