அம்பு அசையும்வரை

திரையில் அம்புக்குறி அசைந்தது. தட்சணாமூர்த்திக்கு மூச்சு வந்தது.

அவர் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது மாடி அறைக் கம்ப்யூட்டரை. மகன் ராஜ்கமல் மேலே சீட்டாடினால் கீழே இவர் திரையிலும் சீட்டு நகரும். அவன் கை சும்மா இருந்தால் அம்பும் சும்மா இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே வயர் இழுத்தவன் ராஜ்கமல்தான். உப்பு லாரிக்கு பில் அடிக்கும்போது அப்பா எதையாவது அழுத்திவிட்டு முழித்தால், மாடியில் இருந்தபடியே கீழே உள்ள அம்பை ஓட்டிச் சரிசெய்வான். பேய் பிடித்ததுபோல் அது தானாக ஓடுவதைப் பார்த்து வீடே சிரித்தது.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. மரியதாஸ் மகள் சந்தியாவைத்தான் கட்டுவேன் என்று அவன் சொல்லிவிட்டான். மரியதாஸ் இவர்கள் அளத்தில் உப்பு வாருகிறவர்.

தட்சணாமூர்த்தியின் அண்ணன் சகாதேவன் திண்டிவனத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து, மாடிக் கம்ப்யூட்டரைக் கீழே இருந்து பார்க்கவும் அதன் அம்பை ஓட்டவும் முடியும்படி ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டார். டெலிபோனைப் பிடுங்கினார். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வானூரில் கல்யாணம் என்றார். பெண் அவருடைய மச்சினன் மகள்.

ராஜ்கமல் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சாப்பாடு கொண்டுவரும் அம்மாவுக்கு மட்டும் திறப்பான்.

வாசலில் சுமோ நின்றது. அதில் நான்கைந்து பேர் கால் நீட்டிக் கிடந்தார்கள். பையன் ஓடினால் அவனையும் சந்தியாவையும் என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. சகாதேவன் அதை மோர் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

தட்சணாமூர்த்தி தலையாட்டினார். சுனாமியில் கரைந்துபோன பாத்திகளை அண்ணன்தான் கூட நின்று கட்டிக்கொடுத்தார். அதிலிருந்து இந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனாலும் அன்று தலையை ஆட்டியிருக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் நினைத்துக்கொண்டார்.

அதனால்தான் அம்பைப் பார்த்தபடியே இருந்தார். அது அசைந்தால் மகன் மேலே இருக்கிறான். மேலே இருந்தால் உயிரோடு இருப்பான்.

அம்பு இடது மூலையிலிருந்து இறங்கியது. கொஞ்சம் இறங்கி நின்றது. மறுபடி கொஞ்சம் இறங்கி நின்றது. அடிவரை வந்ததும் மேலே போய், சற்றே தள்ளி, மறுபடி நேராக இறங்கியது. விரித்த சீட்டுகளின் மேலேயே போனது. ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

சீட்டாடுகிறவன் கை இப்படிப் போகாது.

இந்த இழுப்பை அவருக்குத் தெரியும். அளத்தைக் குத்தகைக்கு எடுத்த புதிதில் கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. மனைவி தையல்நாயகிதான் இறங்கி உப்பு வாரினாள். நீளக் கம்பில் அடித்த பலகையைத் தன் பக்கம் இழுப்பாள், நிறுத்தி மூச்சு விடுவாள், மறுபடி இழுப்பாள். ஒரு மூலையில் பிடித்தால் எதிர் மூலைவரை இம்மி இடம் விடமாட்டாள்.

அவர் மாடிப்படியைப் பார்த்தார். காலையில் இட்லித் தட்டோடு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. அவள் ஆயுளில் மவுஸைத் தொட்டதில்லை.

விடிகாலை அளத்துக்குப் போனபோது மரியதாஸ் வேலைக்கு வந்திருக்கவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருந்தார்.

அசைச்சிக்கினே இரும்மா என்று அவளிடம் சொல்லிவிட்டு மகன் பின்பக்கமாகப் போயிருப்பான்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவருக்கு அழுகை வந்தது. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டார். கிடைத்த பதில் அவருக்கே பிடிக்கவில்லை.

வாசலில் நாற்காலி நகர்ந்தது. சகாதேவன் எழுந்து வந்தார்.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் சீட்டாட்டம் நன்றாகத் தெரியும்.

தட்சணாமூர்த்தி தோள்துண்டை எடுத்து மவுஸின்மேல் போட்டார். உப்புக் காற்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் துணிபோட்டு மூடுகிற வீடு அது, யாருக்கும் சந்தேகம் வராது. கையைத் துண்டுக்கு அடியில் விட்டார்.

அம்பு அவர் கைக்கு வந்தது. மாடியில் அவள் பயந்து கையை எடுத்திருக்க வேண்டும். மகன் ஆடியதைப் பார்த்துப் பார்த்து ஆட்டம் இவருக்கும் பழகியிருந்தது. கறுப்பு எட்டின்மேல் சிவப்பு ஏழை இழுத்து வைத்தார்.

"ஏம்பா மூர்த்தி, இருக்கானா?"

"இருக்காண்ணா. சீட்டாடிக்கினு இருக்கான்."

சகாதேவன் குனிந்து பார்த்தார். இன்னொரு சீட்டு நகர்ந்தது. அவர் திருப்தியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

துண்டுக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

அம்பு வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றது. சீட்டுகள் தானாக நகர்ந்ததை அவளும் பார்த்திருப்பாள். அது யார் கை என்று யோசித்திருப்பாள்.

பிறகு அது விட்ட இடத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.

அண்ணன் உள்ளே வந்தபோதெல்லாம் இவர் ஆடினார். மற்ற நேரம் அவள் வாரினாள். ராஜ்கமல் இனி இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பொழுது சாயும்வரை இருவருமாக மகனை வீட்டிலேயே வைத்திருந்தார்கள்.