குழாய்க்குப் போர்வை

நிலவறை விளக்கைப் போட்டதும் நெதெல்கா நேராக எமெல் வீட்டுக்குப் போகும் குழாயின் அடியில் போய் நின்றாள்.

“இதுலதான் தம்பி எங்கயோ துளை போட்டு வெந்நீர் பிடிக்கிறா. நல்லாப் பாருங்க.”

ரூசே நகரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தை நிர்வகிப்பவள் நெதெல்கா. நிலவறைக் குழாய்களில் மேலேறும் வெந்நீர்தான் எல்லா வீட்டு அறைகளையும் சூடாக்க வேண்டும். குளிர்காலச் செலவு ஏறுகிறது, அறைகளோ சூடாவதில்லை. காரணம் கண்டு சொல்ல நகராட்சி அனுப்பிய ஆலோசகன் லூபென்.

இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் எமெல், பையும் கையுமாக அடிக்கடி நிலவறைக்கு இறங்குவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அன்று மாலை குடியிருப்போர் கூட்டம். திருட்டு உறுதியானால் அவளைக் காலி செய்யச் சொல்வதென்று பேச்சு.

“ஊறுகாய் ஜாடி எடுக்க வந்திருக்கலாமேம்மா?”

“ஒரு ஜாடி எடுக்க ஒரு மணி நேரமா? கல்யாணம் ஆகாத பிள்ளை நீங்க, உங்களுக்கென்ன தெரியும்!”

லூபென் சிரித்துக்கொண்டே வெப்பம் காட்டும் கேமராவைத் தூக்கினான். திரையில் குழாய்கள் எல்லாம் தணல்போல் எரிந்தன.

“துளையும் இல்ல, திருட்டும் இல்லம்மா. மேல போக வேண்டிய சூடு வழியிலேயே கொட்டிப்போகுது. நீங்கல்லாம் காசு கட்டி, இங்க பீப்பாயில ஊறுற முட்டைக்கோஸைக் குளிர்காய வச்சிருக்கீங்க.”

கேமரா மெல்லத் திரும்பியது. கடைக்கோடியில் ஒரு குழாய் மட்டும் எரியவில்லை.

விளக்கு வெளிச்சம் எட்டாத அந்த மூலைக்கு இருவரும் குனிந்து போனார்கள்.

குழாய் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த உறை. வளைவு வருமிடத்தில், சட்டைக் கையின் முழங்கையில் பிடிப்பதுபோல் மடிப்புப் பிடித்திருந்தது. வெந்நீரைத் திறந்து அடைக்கும் திருகு இருக்குமிடத்தில் ஒரு சின்ன மூடி. அதற்கு ஒரு பொத்தான்.

லூபென் அந்தப் பொத்தானைக் கழற்றினான். உள்ளே திருகு. திரும்பவும் போட்டான். சர்ச்சில் நிற்பவன்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“எத்தனையோ கட்டடம் பார்த்துட்டேன். இவ்வளவு அழகா யாரும் செஞ்சு பார்த்ததில்ல. மத்த குழாய்க்கும் இப்படி உறை போட்டா போதும்மா, கட்டடமே கதகதன்னு ஆயிடும். செஞ்சது யாரு?”

துணியில் மஞ்சள் வாத்துகள் நீந்தின. போன வசந்தத்தில் எமெல் வீட்டு பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தைப் போர்வை. எமெலுக்குத் தையல் ஆலையில் வேலை.

“பார்த்தீங்களா தம்பி, தன் வீட்டுக்கு மட்டும்…”

நெதெல்கா பாதியில் நிறுத்தினாள். எமெல் வீட்டுக் குழாய் பின்னால் மொட்டையாகக் கிடந்தது.

“அப்போ இது எந்த வீட்டுக்குப் போகுது?” என்றான் லூபென்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். உறை போட்ட குழாய் கூரையைத் துளைத்து ஏறிய இடம் அவளுக்குத் தெரியாதா என்ன! கண்ணாடியைக் கழற்றினாள். வெகுநேரம் துடைத்தாள்.

“கூட்டத்துல நானே சொல்றேன் தம்பி” என்றாள். “அந்தப் பொண்ணைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டுச் சொல்றேன்.”

மேலே இருப்பது அவளுடைய படுக்கையறை. வாதம் வந்து விழுந்த அவள் கணவன் அங்கேதான் கிடக்கிறான். எத்தனை போர்வை போர்த்தினாலும் அவன் பாதம் ராத்திரியில் ஜில்லிட்டுப்போகிறது என்று ஒரே ஒருத்தியிடம் அவள் சொல்லி அழுதிருக்கிறாள், படிக்கட்டில், இலையுதிர்காலத்தில் ஒரு நாள்.

குளிர்காலம் பிறந்ததிலிருந்து அந்தப் பாதம் சூடாகவே இருக்கிறது. நெதெல்காவும் வாராவாரம் சர்ச்சுக்குப் போய், அதற்கு நன்றியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வருகிறாள்.