தலையணைக்கு அடியில் ஓர் எலும்பு

பூதலிங்கம் பிள்ளையின் மகள் அம்மிணியின் தலையணைக்கு அடியில் ஓர் எலும்பு கிடந்தது. சுத்த சைவ வீடு. கோழிமுட்டை விற்கிறவன்கூட அந்த வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

கண்டெடுத்தவள் தாய் சொர்ணம்மாள். அவள் போட்ட சத்தம் பாறசாலைச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் வேலிக்கும் அவர்கள் சன்னலுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான் உண்டு. காய் பறிக்கிற பாவனையில் நான் தொரட்டியோடு ஓடினேன்.

"கூடோத்திரம்! யாரோ நம்ம பிள்ளைக்குச் செய்வினை வச்சிருக்கு!"

"அய்யோ அம்மா, அது பாடமாக்கும்! சரோஜம் தந்தது. ஞாயித்துக்கெழமை அவங்க வீட்ல வச்ச ஆட்டுக்கறியில உள்ளது. சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவினதுதான்."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள் போலும். சொர்ணம்மாள் எலும்பைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள்.

சரோஜம் மிஷன் கோயில்காரர் வீட்டுப் பெண். நெய்யாற்றின்கரை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அம்மிணியோடு படிக்கிறவள். மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் சரீர சாஸ்திரப் பரீட்சை.

"எந்தப் பாடத்துலட்டி எலும்பு வரும்?" என்றார் பிள்ளை. பகுதிக் கச்சேரியில் நிலவரிக் கணக்கு எழுதுகிறவர். "நானும் நாலாம் கிளாஸ் ஜெயிச்சவனாக்கும். அதுல ஒரு எலும்பாவது உண்டா?"

அவருக்கு வேறொரு பயமும் இருந்தது. முந்தின நாள் மத்தியானம் அவர் உறங்கும்போது மகள் தலைமாட்டில் வந்து நின்று, தோளில் தொடங்கி முன்கை வரைக்கும் விரலால் தொட்டுத் தொட்டு, "கிளாவிக்கிள், ஸ்காப்புலா, ஹ்யூமரஸ், ரேடியஸ், அல்னா" என்று எலும்புகளின் பேரை முணுமுணுத்திருக்கிறாள். தனக்கு நாள் குறிக்கிறாள் என்று நினைத்து மனிதர் சாயங்காலம் வரை கண்ணைத் திறக்கவில்லை.

"பேயோட உன்னைப் பரீட்சைக்கு விடமாட்டேன். அது இறங்கினாத்தான் காலையில வண்டி கட்டுவேன்."

அம்மிணிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பரீட்சையில் ஜெயித்தால் டிரெயினிங், அப்புறம் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை. இல்லையென்றால் ஆவணியில் அதியன்னூர்க்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கழுத்தை நீட்ட வேண்டும். தகப்பனும் மகளும் செய்துகொண்ட ஒப்பந்தம்; ஊருக்கே தெரியும், நான்தான் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் பெருங்கடவிளை சொக்கநாத ஆசான் பிரம்பும் திருநீறுமாக வந்துவிட்டார். பெரிய மந்திரவாதி. அவருடைய மந்திரம் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, சமஸ்கிருதமும் இல்லை. அது காசியிலிருந்து வந்தது என்று எங்கள் உதியன்குளங்கரையில் பேச்சு. எந்தப் பேய்க்கும் அர்த்தம் புரியாததால் எல்லாப் பேயும் ஓடிவிடும்.

மாவால் களம் வரைந்து நடுவில் அம்மிணியை உட்கார வைத்தார்கள். அவள் அந்த நேரத்தையும் வீணாக்காமல் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

"எப்ப தொட்டு இப்படி?" என்று கேட்டார் ஆசான்.

"பரீட்சை, பரீட்சைன்னு சொல்லத் தொடங்கின நாள் தொட்டு," என்றார் பிள்ளை.

அதைக் கேட்டதும் ஆசான் ஓரடி பின்வாங்கி, களத்தின் கோட்டையே மிதித்து அழித்துவிட்டார். லேசுப்பட்ட பேய் இல்லை என்று, நானும் அதற்குள் வேலிக்கு வந்து சேர்ந்த மற்ற நாலு பேரும் முடிவுகட்டினோம்.

அவர் எலும்பை எடுத்து இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வல்லாத்த சாதனம், பொல்லாத சாமானாக்கும்," என்று பெருமூச்சு விட்டார்.

"ஆசானே, என்ன செய்யணுமோ சீக்கிரம் செய்யும்," என்றாள் அம்மிணி. "எனக்கு இன்னும் ரத்தம் பாக்கி உண்டு."

"ரத்தம் கேக்குதே!" என்று சொர்ணம்மாள் ஈரச் சேலையோடு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ரத்த ஓட்டம்மா, ஏழாம் பாடம்" என்று பெண் கத்தியது யார் காதில் ஏறும்?

ஆசான் சூடம் கொளுத்தினார். பிரம்பை ஓங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தார்.

"ஓம் ஹ்ரீம் கிளாவிக்கிளாய நமஹ! ஸ்காப்புலாய நமஹ! ஹ்யூமரஸாய நமஹ! அல்னாய நமஹ!"

அம்மிணி கண்ணைத் திறந்தாள்.

"ஆசானே, ரேடியஸ் எங்க?"

பிரம்பு அந்தரத்தில் நின்றது. "பேய் மந்திரத்தையே திருத்துதே!" என்று பிள்ளை கயிறு எடுக்கத் தொழுவத்துக்கு ஓடினார்.

ஆசான் பிரம்பைக் கீழே வைத்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கயிறு வேண்டாம் பிள்ளைவாள், பேய் இறங்கியாச்சு. காலையில மறக்காம வண்டியைக் கட்டும். பிள்ளையைப் பரீட்சைக்கு விடாம இருந்தீருன்னா அது திரும்ப வரும். வந்தா உம்ம மேலதான் ஏறும்."

பிள்ளை அப்போதே காளைகளுக்கு வைக்கோல் போடப் போனார். வேலியோரத்துக் கூட்டமும் கலைந்தது. முருங்கையில் பறிக்க ஒரு காய்கூட மிச்சமில்லைதான். ஆனாலும் நான் கொஞ்சம் நின்றேன்.

ஆசான் குனிந்து அம்மிணியின் நெற்றியில் திருநீறு பூசினார். சன்னல் கம்பியில் என் மூக்கு முட்டிக்கொண்டிருந்ததால், அவர் அவள் காதில் மட்டும் சொன்னது எனக்கும் கேட்டது.

"இந்தப் பரீட்சையில நான் மூணு வட்டமும் பெயிலானது அந்த ஒத்த எலும்புலயாக்கும், மக்கா."