காரத் துளிகள்

பாண்டுங் ஆய்வகத்தில் யூயிஸும் அவள் கணவன் தாத்தாங்கும் நொதியைக் கொண்டு இதய மருந்து ஒன்றைத் தயாரித்தார்கள். நொதி வேலை செய்யச் செய்யக் குடுவையில் அமிலம் ஊறும். யாராவது நின்று காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். தவறினால் நொதி கெட்டுவிடும். மதியம் அது தாத்தாங்கின் வேலை. "நீ போய்ச் சாப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்பான்.

அவன் இறந்து நான்காம் மாதம், பசி தாங்காமல் யூயிஸ் அறையைப் பூட்டிவிட்டு, கடலைச் சாந்தில் பிசைந்த காய்கறியான லோத்தெக் சாப்பிடப் போனாள். திரும்பியபோது அமிலம் ஏறாமல் அமிலமானி ஏழிலேயே நின்றது. காரக் கரைசலைச் சொட்டவிடும் ப்யூரெட் குழாயில் ஒன்பது மில்லி குறைந்திருந்தது.

அவளைத் தெத்தே, அக்கா, என்று அழைக்கும் பக்கத்து அறை இவானைக் கேட்டாள்.

"நானா? உங்க குடுவையத் தொட்டா கைய ஒடிச்சிடுவீங்களே, தெத்தே! சாவியும் உங்ககிட்டதானே இருக்கு?"

மறுநாள் உள்ளேயே காத்திருந்தாள். தானாக ஒரு சொட்டுகூட விழவில்லை, அவளேதான் விட்டாள். அதற்கடுத்த நாள் வெளியே போனாள். மறுபடி ஒன்பது மில்லி.

மார்ச் மாதத்தில், தேவையான அளவு மருந்து சேர்ந்துவிட்டது.

"போதும் தெத்தே, எல்லாத்தையும் கழுவி வெச்சிடலாம்" என்றான் இவான்.

யூயிஸ் தலையாட்டினாள். அவன் போனதும் புதுக் குடுவையில் நொதியைப் போட்டு, ப்யூரெட்டை நிரப்பினாள். அன்று அவளுக்குப் பசியே இல்லை. வெளியே வந்து கதவைப் பூட்டி, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.