ஒத்தை டோக்கன்

"மறுபடியும் ஒரே ஒரு டோக்கனா? ஏலம்னா உங்களுக்கு விளையாட்டாப் போச்சாண்ணே?"

கட்டடத்தின் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பான பெண் பொரிந்து தள்ளினாள். கேம்ஸ் சென்டர்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டடத்தில் இருப்பவர்கள், மாதாமாதம் தங்களுக்குக் கிடைக்கும் டோக்கன்களைக் கொடுத்து, மணி நேரக் கணக்கில் ஏலம் எடுத்துப் பயன்படுத்துவார்கள். காலை நேரத்துக்குக் கேட்பது இரண்டே பேர். கீழ்த்தளத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர். அப்புறம் இவர்.

டீச்சர் பேசப் பேச, பெட்டி அதை எழுத்தாக்கிப் போர்டில் ஓட்டும். இன்டர்நெட் வழியே தூரத்துக் கம்ப்யூட்டரை நம்பினால், "உட்காருங்க" என்று போர்டில் வருவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்கே போய்விடுவார்கள்.

"உங்க கடை திறக்கிறதே சாயங்காலம். காலையில பெட்டி எதுக்கு?"

"ஒரு ஆசைதான் தங்கச்சி."

"டீச்சர் தோத்துடக் கூடாதேன்னு கையில இருக்கிற முந்நூத்துச் சொச்சத்தையும் வச்சுக் கேக்கறாங்க. நீங்க ஒண்ணு! அவங்களைக் கேலி பண்றீங்களா?"

"ஒத்தை டோக்கன் ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஏலக்காரர் மாதிரி மூக்கால் ராகம் இழுத்தார்.

"மூணாம் தரம் நான் சொல்றேன். நாளையிலிருந்து உங்களுக்கு ஏலமே கிடையாது!"

அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஐயையோ, வேணும்னா சாயங்காலம் நிறுத்திக்கோ. காலையில மட்டும் கேக்க விட்டுடும்மா."

"பிழைப்பை விட்டுட்டு வம்புக்கு அலையற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்று தடை போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை டீச்சர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா இது? தினமும் ஒண்ணுதானே போகும்? இன்னிக்கு முந்நூறும் போயிடுச்சு! நாளைக்குப் பிள்ளைங்க வந்து உட்கார்ந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணா? ஒண்ணுதான் போச்சா?"

வசூல் கணக்கையெல்லாம் பெட்டியே பார்த்துக்கொள்ளும். அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவசரமாக ஏல விதியைத் திறந்தாள். அவளே எழுதியதுதான்.

'ஜெயித்தவர், தனக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் விலையைக் கொடுத்தால் போதும். எதிராளி யாருமே இல்லையென்றால், தான் கேட்டதை முழுசாகக் கொடுக்க வேண்டும்.'

டீச்சருக்கு இருந்த ஒரே எதிராளியை நேற்று அவள்தான் துரத்தியிருந்தாள்.