கடலோட சொத்து

"கீழே போடுடா! அது கடலோட சொத்து!"

அத்தான் போட்ட கூச்சலில், கடற்கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். கடல் காக்கும் மன்றத்தின் தலைவரல்லவா, தொண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

மச்சானுக்கு மானம் போயிற்று. "அக்காவுக்குக் கொடுக்கலாம்னுதான் அத்தான்..."

"திருட்டுக்கு அக்கா பேரு வேறயா? கொடு இங்கே. நானே கடல்ல விட்டுட்டு வர்றேன்."

பழுப்புக் கோடுகள் பின்னிய, கூம்பு வடிவச் சங்கு. அத்தான் முழங்கால் தண்ணீர்வரை போய்க் குனிந்து நிமிர்ந்தார். ஒரே கைதட்டல்.

திரும்பும் வேனில் தலைவருக்கு நாக்குக் குழறியது. இமை தொங்கியது. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது மூச்சு வாங்கவே திணறினார்.

"ஏதாவது கடிச்சுதா?" என்றார் டாக்டர்.

அத்தான் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்போ பக்கவாதமா இருக்கலாம். ஸ்கேனுக்குக் கொண்டு போங்க."

ஓடிவந்த அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உன்னாலதான்டா! நாலு பேர் முன்னால அவரைக் கத்த வெச்சுட்டியே!"

மச்சானின் கண் அத்தான்மேலேயே இருந்தது. உயிர் ஊசலாடும்போதும் அத்தானின் கை பேண்ட் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டிருந்தது. அப்படி என்ன இருக்கிறது உள்ளே?

"டாக்டர், அந்தப் பாக்கெட்டைப் பாருங்க!"

துணியைக் கத்தரித்தார்கள். இடுக்கியில் வந்தது சங்கு. தொடையில் ஊசி குத்தியதுபோல் ஒரு தடம்.

"உயிரோட இருக்கு! மீனை விஷத்தால குத்தித் தின்கிற நத்தை இது. மாற்று மருந்தே கிடையாது, மூச்சு நிக்காம பார்த்துக்கணும். நல்லவேளை சொன்னீங்க."

நர்ஸ் அதை டப்பாவில் போட்டு மூடினாள். அக்கா வாயையும் சேர்த்து மூடியதுபோல் ஆயிற்று.

மறுநாள் அத்தான் பிழைத்து எழுந்தார். மன்றமே பழக்கூடையோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றது.

"எங்கே குத்திச்சு தலைவரே?"

அத்தான் கூரையைப் பார்த்தார். அக்கா தம்பியைக் கண்ணால் கெஞ்சினாள்.

"கையிலதான்," என்றான் மச்சான். "நான் எடுத்ததை அவர் கடல்ல விடும்போது. தப்பு என்னோடது."

"அடடா, என்ன தியாகம்!"

அத்தானுக்குப் போன குரல் உடனே வந்துவிட்டது. "இனிமேலாவது கடலோடதைக் கடல்ல விடக் கத்துக்கோ!"

"அதுக்குத்தான் கிளம்பிட்டேன் அத்தான்," என்றான் மச்சான், டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு.